ப்ரூஃப் ஓகே ஆகவில்லை

ஜனவரி 3, சனி

அரையாண்டு இங்கிலீஷ் பேப்பர் கொடுத்தார்கள். மேல்கமா கேள்வி அத்தனையிலும் முழு மார்க். மிச்ச பேப்பரைப் பற்றி இந்த டைரியில் பேச்சு இல்லை.

மேல்கமா என்றால் இங்கிலீஷில் எழுத்தின் தலைக்கு மேல் தொங்குமே ஒரு கொக்கி, அது. அதற்கு ரெண்டே வேலை. ஒன்று, இது இன்னாருடையது என்று காட்டும். இன்னொன்று, இங்கே ஒரு எழுத்து இருந்தது, இப்போது இல்லை என்று காட்டும். பன்மைக்குக் கூப்பிட்டாலும் வராது. எங்கள் அருப்புக்கோட்டையில் மட்டும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சாயங்காலம் எங்கள் ஃபிளக்ஸ் கடைக்கு மின்னல் பாய்'ஸ் டீம் வந்தார்கள். பொங்கல் கபடிப் போட்டிக்கு ஃபிளக்ஸ்.

"அண்ணே, பாய்ஸ்ல மேல்கமா வராது. போட்டா 'மின்னல் பையனுடைய'ன்னு ஆயிரும். பையனுடைய என்ன? பையா?"

"பாப்பா, அது இருந்தாத்தான் கெத்து. முடிஞ்சா ரெண்டு போடு."

அப்பா உள்ளேயிருந்து, "கஸ்டமர் கேட்டா குடுத்துரு வேனிலு" என்றார். அப்பாவின் வியாபார தர்மம் அவ்வளவுதான். ஆனால் தமிழில் விடமாட்டார். டிசைனர் ரபீக் அண்ணன் எதைச் செய்தாலும் தாளில் ப்ரூஃப் எடுத்து அப்பா மேசையில் வைக்க வேண்டும். அப்பா சிவப்புப் பேனாவால் தப்பைச் சுழிப்பார். கஸ்டமர் கீழே 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். இன்றைக்கு மின்னல் பாய்'ஸ் ப்ரூஃபில் ஒரே பார்வையில் அஞ்சு தப்பு பிடித்தார். டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. கழுகுக்குக் கண்ணாடி போட்டால் என் அப்பா பால்பாண்டி.

ஜனவரி 4, ஞாயிறு

ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் மிஞ்சிய கறுப்புத் துண்டுகளில் ஒரு டப்பா நிறைய மேல்கமா வெட்டினேன். கடைத்தெருவில் தேவைப்படுகிற போர்டுகளில் ஒட்டினேன். தேவைப்படாத இடத்தில் அந்தந்த போர்டு நிறத்தில் ஒட்டு போட்டு மூடினேன். சமூக சேவை.

டெய்லர் மாரிக்கனி மாமா போர்டில் நான் ஒட்டியதைப் பல்லி எச்சம் என்று நினைத்து ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா, போக மாட்டேங்குது" என்றார். "வயித்துக்குச் சரியில்லாத பல்லி போல மாமா" என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

இதை எழுதாமல் ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அக்கா நிறைமதி டிசம்பர் 29 காலையில் ஸ்கூலுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று கிளம்பினாள். அவள் இங்கிலீஷ் டீச்சர். மேல்கமாவை என் மண்டையில் ஏற்றியவள் அவள்தான். மதியம் அப்பா போனுக்கு ஒரு படம் வந்தது. கழுத்தில் மாலை, பக்கத்தில் அதே ஸ்கூல் கணக்கு சார் செழியன். வேற ஆளுங்க. எங்கள் வீட்டில் அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அப்பா அன்றைக்கு முழுக்க ஒரு கல்யாண ஃபிளக்ஸைத் திருத்திக்கொண்டே இருந்தார். அம்மா பேசுவதை நிறுத்தினாள். ஃபிளக்ஸ்காரன் வீடு அல்லவா, எங்களிடம் எல்லாமே பெரிய சைஸ். மௌனம் பத்துக்கு இருபது.

இன்று பெரியப்பா வந்தார். வாசுகி அக்காவின் அப்பா. வாசுகி அக்காவுக்கு இந்த மாதம் 25-ம் தேதி நிச்சயதார்த்தம்.

"மாப்பிள்ளை வீட்டுல நேராவே கேட்டுட்டாங்கடா. உங்க தம்பி வீட்டுல அந்தப் பிள்ளைய சேத்துக்கிருவாங்களான்னு. இல்லைன்னு வாயால சொன்னா நம்புவாங்களா? நாலு பேரு பாக்குற மாதிரி பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு வச்சிரு."

"என்னத்தண்ணே?"

"கண்ணீர் அஞ்சலி."

எங்கள் பக்கம் இது நடக்கிறதுதான். ஓடிப்போன பிள்ளைக்கு உயிரோடு இருக்கும்போதே இறந்ததாக ஃபிளக்ஸ் வைப்பார்கள். எங்கள் கடையிலேயே அடித்திருக்கிறோம். அப்பா ப்ரூஃப் பார்த்து, காசு வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கிறார்.

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியாத ஒரு ஆட்டு. பெரியப்பா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 7, புதன்

ரபீக் அண்ணன் மௌஸை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பாண்டியண்ணே, அந்தப் பிள்ளை எனக்கு இந்த கீபோர்டுல தமிழ் டைப்பிங் சொல்லிக் குடுத்த பிள்ளை. நான் அடிக்க மாட்டேன். வேலைய விட்டு நிக்கச் சொன்னாலும் சரிதான்."

அப்பா கவிழ்ந்த மௌஸை நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்த்து, "நீ பண்ணு" என்றார்.

சரிப்பா என்றேன். அருப்புக்கோட்டையிலேயே தப்புத்தப்பாக டைப் அடிக்கத் தெரிந்த ஆள் நான்தான். ஆள் தேர்வு சரியில்லை, வேறென்ன சொல்ல.

ஜனவரி 8, வியாழன்

முதல் ப்ரூஃப். மூன்று தப்பு வைத்தேன். 'கண்ணீர்' என்பதில் ரெண்டு சுழி ன. இனிஷியல் 'பா'வுக்குப் பதில் 'மா'. பிறந்த தேதி பதினெட்டுக்குப் பதில் பதினேழு.

அப்பா தாளை ரொம்ப நேரம் வைத்திருந்தார். இனிஷியலை மட்டும் சுழித்தார்.

"பா. பால்பாண்டிக்குப் பா. இதுகூடத் தெரியாதா?"

"மாத்திர்றேன்பா."

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

மற்ற ரெண்டும் கண்ணில் படவில்லை. கண்ணாடி பவர் ஏறியிருக்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

ரெண்டாவது ப்ரூஃப். இனிஷியலைச் சரிசெய்து, 'குடும்பத்தார்' என்பதில் ஒரு எழுத்தைத் தின்றேன். அப்பா தேதியைச் சுழித்தார்.

"பதினெட்டு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில கரண்டு இல்ல. நர்சம்மாவுக்கு நான்தான் டார்ச் புடிச்சேன்."

சொல்லிவிட்டு அப்பா சிவப்புப் பேனாவுக்கு மூடி தேடினார். மூடி பேனாவின் பின்பக்கமே இருந்தது.

கன்னீர் ரெண்டாம் நாளாகத் தப்பித்தது. பழைய பால்பாண்டியாக இருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

ஜனவரி 11, ஞாயிறு

போட்டோ இல்லாமல் என்ன அஞ்சலி என்று பெரியப்பா போன் பண்ணினார். அம்மாவிடம் கேட்டேன். பீரோவைத் திறந்து, தேடாமலே ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். அக்கா மூணாங்கிளாஸில் மாறுவேடப் போட்டிக்குக் கத்தரிக்காய் வேஷம் போட்டது. ஊதா நிறத்தில் உருண்டையாக, தலையில் பச்சைக் காம்பு.

"வேற இல்லையாம்மா?"

அம்மா தலையை ஆட்டினாள். பீரோவில் ஆல்பம் அடுக்கிக் கிடந்தது. பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

கத்தரிக்காயையே வைத்து ப்ரூஃப் எடுத்துப் பெரியப்பாவுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். அப்பா போனிலிருந்து. அப்பா பக்கத்தில்தான் இருந்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பெரியப்பா போனில் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. "கத்தரிக்காய்க்காடா அஞ்சலி செலுத்துறீங்க?"

அப்பா, "வேற படம் கிடைக்கலண்ணே, தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

ஜனவரி 12, திங்கள்

வாசுகி அக்கா வீட்டுக்கு வந்தது. நிச்சயதார்த்தப் புடவைக்கு ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டு வந்த வழியாம். என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனது.

"எப்படி வேனிலு அடிக்கப் போற?"

"ஆறுக்கு நாலு சைஸ்ல."

"விளையாடாதடி." கையைப் பிடித்துக்கொண்டது. "எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்குடி. டெய்லி பேசுறோம். அவங்க அம்மாதான் ஒத்தக்கால்ல நிக்கிது. ஒரே ஒரு வாரம் தொங்கட்டும். அப்புறம் கழட்டிரலாம். நிறைமதி புரிஞ்சுக்குவா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது, வெறும் ஃபிளக்ஸ்தான?"

சொல்லிக்கொண்டே அழுதது. அக்காவும் வாசுகி அக்காவும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். வாசுகி அக்கா அழுதது நடிப்பு இல்லை. கீழே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

இங்கிலீஷ் டியூஷன். போனில். மொட்டைமாடியில் வைத்து. அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டியூஷனில் கேட்டார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது போல. அஞ்சலி விஷயத்தை நான் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கியது. வேறு யாரும் பொங்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

கடை பெயர் 'நிறைமதி டிஜிட்டல்'ஸ்'. அக்கா பிறந்த ராசியில் கடை வந்தது என்று அப்பா வைத்த பெயர். மேல்கமா போட்டது போர்டுக்காரர். டிஜிட்டலுடைய என்ன என்று அக்கா தலைதலையாக அடித்துக்கொள்வாள். அப்பா, ராசியான போர்டு, கை வைக்காதே என்பார்.

இன்று பெரியப்பா ரோட்டில் நின்று அந்த போர்டையே பார்த்தார். "பேரு இன்னும் தொங்குதே தம்பி. செத்த பிள்ளை பேருல கடையா?"

அப்பா என்னிடம், "அது மேல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிரு" என்றார். குரல் என்னிடம் வந்து சேர்வதற்குள் பாதி தேய்ந்துவிட்டது.

ஏணி போட்டு ஏறினேன். பெயரை மூடவில்லை. கடைசியில் இருந்த கொக்கியையும் எஸ்ஸையும் சுரண்டி எடுத்து, அக்கா பேருக்குப் பின்னால் ஒட்டினேன். நிறைமதி'ஸ் டிஜிட்டல். இடம் பத்தவில்லை. டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி எஸ் தொங்கியது. இறங்கி வந்து, "வெள்ளை ஸ்டிக்கர் தீந்துபோச்சுப்பா" என்றேன்.

அப்பா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவரோரம் வெள்ளை ரோல் ஆள் உயரத்துக்குச் சாய்ந்து நின்றது. திரும்பவில்லை.

"எஸ்ஸு கோணலா இருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 20, செவ்வாய்

அஞ்சாவது ப்ரூஃபா ஆறாவதா, மறந்துவிட்டது. போட்டோவுக்கு அக்காவின் காலேஜ் ஐடி கார்டு படம் கிடைத்ததாகப் பெரியப்பாவே அனுப்பிவிட்டார். அதை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். அப்பா அதைச் சுழித்தார்.

"மச்சம் வலது கன்னத்துல."

"ஆமால்லப்பா."

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

இப்போதெல்லாம் நான் தப்பு யோசித்தே களைத்துப்போகிறேன். சரியாக எழுதுவதற்கு ஒரு வழிதான், தப்பாக எழுத ஆயிரம் வழி என்று நினைத்திருந்தேன். ஒரு பெயர், ரெண்டு தேதி. அதற்குள் எத்தனை தப்பைத்தான் அடைப்பது. நேற்று படுத்திருக்கும்போது ஒரு யோசனை வந்தது. எனக்கும் பதினேழு வயதாகிவிட்டது. எனக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் இதை யார் டைப் அடிப்பார்கள்?

பேனாவை வைக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

பெரியப்பா காலையிலேயே கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு அடிச்சு, கையோட வாங்கிட்டுத்தான் போவேன். கொண்டாம்மா ப்ரூஃபை."

கொடுத்தேன். மூன்று தப்பு உள்ளே இருந்தது. பெரியப்பா தாளை எட்டப் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது.

"எல்லாம் சரியாத்தான இருக்கு. இதுக்கா ரெண்டு வாரம்? தம்பி, ஓகே போடு."

அப்பா தாளை வாங்கி மேசையில் வைத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். கன்னீரைச் சுழித்தார். 'குடும்த்தார்' சுழித்தார். மறைந்த தேதியில் நான் மாற்றி வைத்திருந்த வருஷத்தையும் சுழித்தார். மூன்றும், மூச்சு விடுகிற நேரத்தில். டீ கிளாஸ் கையில் இருந்திருந்தால் தளும்பியிருக்காது.

பேனா நிற்கவில்லை. 'அஞ்சலி'யைச் சுழித்தார். 'மறைவு' என்பதைச் சுழித்தார். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' முழுவதையும் ஒரே இழுப்பில் வளைத்தார். நான் வைக்காத தப்புகள். கடைசியில் தாளில் அக்கா முகத்தையும் பெயரையும் தவிர ஒரு எழுத்து மிஞ்சவில்லை.

"என்னடா பண்ற?"

"தப்பாயிருக்குண்ணே."

"எது?"

"இது." தாளைத் தள்ளினார். "என் கடையில இது ஓடாது."

"அப்ப என் மக வாழ்க்கை?"

அப்பா சிவப்புப் பேனாவை மூடினார். ரபீக் அண்ணன் எழுந்து வெளியே போனார். பெரியப்பா ஸ்டூலை எட்டி உதைத்துவிட்டு, "ஊர்ல இவன் ஒருத்தன்தான் ஃபிளக்ஸ் கடை வச்சிருக்கானா" என்று போனார்.

அப்பாவிடம் போய், "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"போயி ஸ்கூலுக்குக் கிளம்புத்தா" என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டார்கள். வேறு கடை. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பா. நிறைமதி. தோற்றம், மறைவு. ஐடி கார்டு படத்தில் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள். ஸ்கூல் வேனிலிருந்து பார்த்தேன். வேனில் எல்லோரும் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஜோக் அடித்திருக்க வேண்டும். இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவுக்கு யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சட்டை பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பை அணைத்தாள். ஈரக்கையைத் துடைத்தாள். டிசம்பர் 29-க்குப் பிறகு முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினாள்.

"கடையில இருந்து ஏணிய எடுங்க."

"நான் ஏறுறேன் விசாலம்..."

"உங்களுக்குப் பிரஷரு. நீங்க புடிங்க."

டீக்கடை முழுக்க நின்று பார்த்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஏணி ஆடியது, அல்லது நாங்கள்தான் ஆடினோம்.

ஒரு பெரியவர், "ஏம்மா, கேதத்துக்கு வச்சத இறக்கக் கூடாதும்மா, ஆகாது" என்றார்.

அம்மா மேலேயிருந்தே, "யாருய்யா செத்தா? உன் வீட்டுக்குச் சொல்லி விட்டாங்களா? வந்து குளிச்சியா?" என்றாள்.

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். எடுக்கட்டும். அம்மா அரிவாள் கொண்டுவந்திருந்தாள், ஆனால் கயிற்றை அறுக்கவில்லை. நாலு முடிச்சையும் விரலால் பிரித்தாள். படம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டி, கைக்குழந்தையை மாதிரி தோளில் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

ஜனவரி 24, சனி

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரியப்பாவுக்குப் போன். நிச்சயதார்த்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நேற்று எடுத்த வீடியோ அவர்கள் ஊர் வரைக்கும் போயிருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

குடியரசு தின ஆர்டர்கள். மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ரபீக் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

வாசுகி அக்கா வந்தது. இன்றைக்குக் கட்டவேண்டிய புடவையைக் கட்டவில்லை. வீட்டு நைட்டி மேல் துண்டு. அப்பா எழுந்தார். வாசுகி அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. நேராக என் முன்னால் வந்து நின்றது.

"அவ ஓடிப்போயி நல்லா இருக்கா. நான் வீட்டோட இருந்தேன். எனக்குத்தான் எல்லாம் போச்சு. இப்ப யாருக்குடி அஞ்சலி அடிக்கணும்? சொல்லு. நீதான் பெரிய வாயாடியாச்சே, சொல்லு."

"அக்கா..."

"அவர் என் நம்பரை பிளாக் பண்ணிட்டாருடி. அவங்க அம்மா சொன்ன உடனே. ஒரு வார்த்தை கேக்கல." மூக்கைத் துண்டால் துடைத்தது. "அவ நம்பர் உன்கிட்ட இருக்கும். குடு. நான் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து, எண்ணைப் போட்டு, கொடுத்தேன். திரையில் 'இங்கிலீஷ் டியூஷன்' என்று ஓடியது. வாசுகி அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது, தூ என்றது.

ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உள் அறைக்குப் போனது.

திட்டு ஆரம்பித்தது. நான் கேட்ட திட்டு எல்லாம் அதற்கு முன்னால் தாலாட்டு. சுயநலம் பிடிச்ச நாயே என்றது. ஒரு வார்த்தை என்கிட்டச் சொன்னியாடி என்றது. ஒரே தட்டுல தின்னோமேடி என்றது. அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. வாசுகி அக்கா மறுபடி கத்தியது, மறுபடி அழுதது, மறுபடி கத்தியது. ஆனால் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை.

அப்பா மெஷின் பக்கத்தில் நின்றார். "யாருகிட்ட பேசுறா?"

"அக்காகிட்ட."

தலையை ஆட்டினார். மெஷின் கர்புர்ரென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. பாதி தேசியக்கொடி வெளியே வந்திருந்தது. ஓடுகிற மெஷினைப் பாதியில் நிறுத்தினால் குறுக்கே கோடு விழும். அந்த ஃபிளக்ஸ் வேஸ்ட். ரபீக் அண்ணன் ஒரு தடவை தெரியாமல் நிறுத்தியதற்கு அப்பா சாயங்காலம் வரைக்கும் திட்டினார்.

அப்பா கையை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

கடை அமைதியானது. உள்ளேயிருந்து, ஸ்பீக்கரில், நிறைமதி அக்கா குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.